பைபோலார் உள்ள அம்மா அப்பாக்களுக்கு ஆன்லைன்ல குழந்தை வளர்ப்பு உதவி: யாராவது பயன்படுத்தியிருக்கீங்களா?

ஈரோட்டு_மஞ்சள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. எனக்கு பைபோலார் (மனசு சில சமயம் அளவுக்கு மேல ஏறி, சில சமயம் அடியோட இறங்கற வியாதி), டைப் 1. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் மேனியா, அதாவது அந்த ஏற்றம் எல்லை மீறி வந்து அட்மிட் ஆனேன். இப்ப லித்தியம் மாத்திரையில நிலையா இருக்கேன். பொண்ணு ரெண்டாங்கிளாஸ், பையன் அங்கன்வாடி போற வயசு. கூட்டுக் குடும்பம், மாமியார் மாமனார் கூட இருக்காங்க.

டாக்டர்கிட்டப் போனா தூக்கம் எப்படி, மாத்திரை எடுக்கறீங்களா, ரத்தத்துல லித்தியம் லெவல் பார்த்தாச்சா, அவ்வளவுதான். குறை சொல்லலைங்க, வெளிய அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. ஆனா வீட்ல ரெண்டு குழந்தை இருக்கே, அதுங்களை எப்படிப் பாத்துக்கறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. யூடியூப்ல குழந்தை வளர்ப்பு வீடியோ பார்த்தா, "குழந்தை முன்னாடி எப்பவும் ஒரே மாதிரி இருங்க"ன்னு சொல்றாங்க. எப்பவும் ஒரே மாதிரி இருக்க முடியாததுதானுங்க எனக்கு இருக்கற வியாதியே!

பைபோலார் இருக்கறவங்களுக்குன்னே குழந்தை வளர்ப்புக்கு ஆன்லைன்ல ஏதாவது பயிற்சி, குழு இருக்கா? நேர்ல போறது கஷ்டம். சின்ன ஊரு, அந்த ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பார்த்தா சாயங்காலத்துக்குள்ள சொந்தம் பூரா தெரிஞ்சிடும். குழந்தைங்க தூங்கின பிறகு, மாத்திரை தூக்கம் என்னை இழுக்கறதுக்குள்ள கிடைக்கற அரை மணி நேரம்தான் என்னோடது.

டெல்டாக்காரன்

சகோதரி, நான் கூட இருந்து பாத்துக்கற பக்கத்து ஆள். வியாதி என் மனைவிக்கு. பயிற்சி பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் தூக்கம் பத்தி மட்டும் சொல்றேன். எங்க வீட்ல குழந்தை வளர்ப்புன்னா முதல் பாடமே அதுதான்.

பாப்பா பிறந்தப்போ டாக்டர் என்கிட்டதான் பேசினார். "ராத்திரி இவங்க விடாம ஆறு மணி நேரமாவது தூங்கணும், அது உங்க பொறுப்பு"ன்னார். ராத்திரி புட்டிப்பால் நான்தான் குடுத்தேன். எங்கம்மா "தாய்ப்பால் இல்லாமப் புள்ளைய வளக்குறீங்களே"ன்னு ஒரே புலம்பல். அவ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனா புள்ளைக்குப் பாலும் கிடையாது அம்மாவும் கிடையாதுன்னு சொன்ன பிறகுதான் அடங்கினாங்க.

அப்புறம் நம்ம ஊர் சமாச்சாரம். விடியக்காலை நாலரை முகூர்த்தம், திருப்பதிக்கு ராத்திரி பஸ், சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல கண்முழிப்பு. இதெல்லாம் மத்தவங்களுக்கு ஒருநாள் அலுப்பு. என் மனைவிக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சுன்னா மூணாவது நாள் அலமாரி மொத்தத்தையும் வெளிய இழுத்துப் போட்டு அடுக்க ஆரம்பிச்சிடுவா. அதனால கல்யாணத்துக்கு ரிசப்ஷனுக்கு மட்டும் போறோம். சொந்தக்காரங்க முறைச்சிக்கிட்டா முறைச்சிக்கட்டும்.

பிஎஸ்டபிள்யூ_சென்னை

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். மருந்து எழுதுபவர் அல்ல.

நீங்கள் கேட்பது போன்ற ஒன்று இங்கிலாந்தில் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்பெக்ட்ரம் மையத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் குழுவினர், பைபோலார் உள்ள பெற்றோருக்கென்றே இணையவழிப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் மாத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய 'டிரிபிள் பி' குழந்தை வளர்ப்பு முறையைப் பைபோலார் தகவல்களோடு இணைத்தார்கள். 3 முதல் 10 வயதுக் குழந்தைகள் உள்ள 97 பெற்றோரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே கொடுத்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2017இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகளிடம் அடம், சண்டை போன்ற நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, பெற்றோருக்கும் தன்னால் முடியும் என்ற தெம்பு கூடியது. ஒன்றைக் கவனியுங்கள், இதெல்லாம் பெரும்பாலும் பெற்றோரே நிரப்பிய படிவங்களின் கணக்கு. ஆங்கிலத்தில்தான் இருந்தது. நம் கூட்டுக் குடும்பம், மாமியார், நாத்தனார் எல்லாம் அதில் கிடையாது.

ஆனாலும் அதன் அடிப்படையை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். பொதுவான பயிற்சிகள் பெற்றோர் தினமும் ஒரே தெம்போடு இருப்பதாக வைத்துக்கொண்டு பேசும். உங்களுக்கு வேண்டியது மூன்று விதமான நாளுக்கும் மூன்று விதமான திட்டம்.

மனம் ஏறும் நாட்களில் ஆபத்து அலட்சியம் இல்லை, அளவு மீறிய அன்பு. வாக்குறுதிகள் பறக்கும், பொம்மைகள் வந்து குவியும், பதினோரு மணிக்கு மாவு பிசைந்து கேக் செய்யலாம் என்று குழந்தையை எழுப்புவீர்கள். குறுக்கே யாராவது வந்தால் சட்டென்று எரிச்சல். அந்த நாளுக்கு விதி: புதிய வாக்குறுதி கிடையாது, குழந்தையின் படுக்கை நேரத்தை மாற்றும் உரிமை எனக்குக் கிடையாது, பணத்துக்கு இன்னொருவர் கை வேண்டும்.

இறங்கிய நாட்களில் குழந்தையோடு விளையாட முடியவில்லையே என்ற குற்றவுணர்வே பாதி உயிரை எடுக்கும். அன்றைக்குக் குறைந்தபட்சம் என்ன என்று முன்பே எழுதி வையுங்கள். படுத்தபடி பத்து நிமிடம் அவள் பள்ளிக் கதையைக் கேட்பது போதும். சமையல் வேறு யாராவது செய்யலாம், வீட்டுப்பாடம் ஒருநாள் விட்டுப்போகலாம்.

நடுவில் நிலையாக இருக்கும் நாட்களில்தான் இந்த இரண்டுக்குமான திட்டத்தை எழுத வேண்டும். பலரும் நன்றாக இருக்கும்போது வியாதிப் பேச்சையே எடுக்க விரும்புவதில்லை. எனக்குப் புரிகிறது. ஆனால் மற்ற நாட்களில் எழுத முடியாது.

பிட்ஸ்பர்கில் எலன் ஃப்ராங்க் என்பவர் வளர்த்த சிகிச்சை முறை ஒன்று உண்டு. படுக்கையை விட்டு எழுவது, முதல் மனிதரோடு பேசுவது, அன்றைய வேலையைத் தொடங்குவது, இரவு உணவு, படுக்கப் போவது, இந்த ஐந்தும் தினம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கிறதா என்று குறித்துக்கொண்டே வருவார்கள். பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ள வீட்டில் இதில் முக்கால்வாசி தானாகவே நடந்துவிடும். பிள்ளைகளால்தான் வியாதி கூடுகிறது என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள். பள்ளி வேன் வரும் நேரமும் ஒரு மருந்துதான்.

கீழக்கரை_உம்மா

ஈரோட்டு ராத்தா, அந்த அரை மணி நேரக் கணக்கு எனக்கும் அப்படியே பொருந்துது. பிள்ளைங்க வாப்பா துபாய்ல. ஊர்ல மாமியா வீட்ல நான்.

ஆறு மாசமா ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட வீடியோ கால்ல பேசுறேன். மொட்டைமாடிக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவேன். மாமியாகிட்ட தையல் கிளாஸ்னு சொல்லி வச்சிருக்கேன். (இதுக்காகவே ரெண்டு பாவாடை தைச்சுக் காட்டவேண்டியதாப் போச்சு.) ஆன்லைன்ல நல்லதுன்னா பக்கத்துல யாரும் உக்காந்து கேட்கமாட்டாங்க. கெட்டதுன்னா டல்லா இருக்கிற நாள்ல "நெட் சரியில்ல"ன்னு சொல்லி ஓடிடலாம். அதுக்கு அவங்க ஒரு வழி சொன்னாங்க. கேமராவைப் போட முடியலைன்னா பரவாயில்ல, லைன்ல மட்டும் வாங்க, நான் பேசுறேன், நீங்க கேளுங்கன்னு.

நோன்பு மாசம் பத்தி டாக்டர்கிட்ட முன்கூட்டியே பேசணும். பகல் முழுக்கத் தண்ணி இல்ல, விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினா தூக்கம் ரெண்டாப் பிரியுது. லித்தியம் எடுக்கிறவங்களுக்கு ரெண்டும் பிரச்சினை. நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்கு. வீட்ல கேட்டா எங்க ஹஜ்ரத் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்லுவேன்.

வளர்ந்த_பிள்ளை

நான் மதுரை. வியாதி எனக்கில்ல, எங்கப்பாவுக்கு. எனக்கு இப்ப முப்பது தாண்டிருச்சு. பெத்தவங்க எல்லாரும் பேசுறீங்க, பிள்ளை பக்கத்துல இருந்து ஒரு ஆளு பேசலாமான்னு யோசிச்சு எழுதுறேன்.

எங்க வீட்ல அப்பாவுக்கு என்னன்னு யாரும் சொல்லல. "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல", "அப்பாவுக்கு வேலை டென்ஷன்". ஆறாவது படிக்கும்போது அப்பா மாசக்கணக்குல கட்டிலை விட்டு எந்திரிக்கல. அதுக்கு முந்தின வாரம்தான் நான் கணக்குப் பரீட்சையில ஃபெயில். ரெண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கிட்டேன். ரொம்ப வருஷம் அதை யார்கிட்டயும் சொல்லாம, அப்பாவைப் படுக்க வச்சவன் நான்தான்னு நம்பிக்கிட்டிருந்தேன். பிள்ளைக்கு விளக்கம் குடுக்கலைன்னா அதுவே ஒரு விளக்கம் கண்டுபிடிச்சுக்கும். அந்த விளக்கத்துல குத்தவாளி எப்பவும் அதுதான்.

இன்னொண்ணு. இதை எந்த டாக்டரும் சொல்லிக் கேட்டதில்ல. அப்பா 'ஹை'யில இருந்தப்பதான் எங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். நடு ராத்திரி எழுப்பி, "கிளம்புங்கடா கொடைக்கானலுக்கு"ன்னு கார்ல ஏத்துவாரு. வத்தலக்குண்டுல டீ, விடியும்போது ஏரி. ஒரு தீபாவளிக்குத் தெருப் பிள்ளைங்க மொத்தத்துக்கும் பட்டாசு வாங்கிக் குடுத்தாரு. அந்தக் கடனை அம்மா எத்தனை வருஷம் அடைச்சாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது தெருவுலயே கெத்தான அப்பா எங்கப்பாதான்.

மாத்திரை ஆரம்பிச்சதும் அந்த அப்பா காணாமப் போயிட்டாரு. ஆபீஸ் போனாரு, வந்தாரு, நியூஸ் பார்த்தாரு. அம்மா நிம்மதி ஆயிட்டாங்க. எனக்கும் தம்பிக்கும் எழவு வீடு மாதிரி இருந்துச்சு. பழைய அப்பாவைத் திருப்பிக் குடுங்கன்னு யார்கிட்ட கேக்குறது? அதைக் கேட்டா அம்மாவுக்கு துரோகம் பண்ற மாதிரி. பிள்ளைகளுக்கு இந்த ஏக்கம் இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. மாத்திரையை ஒளிச்சு வைக்கிற பிள்ளைங்க கூட உண்டு. என் தம்பி செஞ்சான்.

ஈரோட்டு_மஞ்சள்

தம்பி, இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். எம்பொண்ணு போன மாசம் கேட்டா, "முந்தி டான்ஸ் ஆடுவியேம்மா, இப்ப ஏன் ஆடறதில்லை?"ன்னு. நான் இடுப்பு வலின்னு சொல்லிச் சமாளிச்சேன். அவ அந்த மேனியா மாசத்தைத்தான் சொல்றான்னு இப்பத்தான் உறைக்குது. வீட்ல எல்லாரும் பயந்து கெடந்த மாசம் அவளுக்குத் திருவிழா மாதிரி இருந்திருக்கு.

இன்னொரு தொந்தரவு இருக்குங்க. இதுக்கும் வழி சொல்லுங்க. நான் நியாயமாக் கோபப்பட்டாக்கூட வீட்ல உடனே "மாத்திரை போட்டியா?". பையன் சாக்கடையில கைய வுட்டா எந்த அம்மாவும் கத்துவா. நான் கத்தினா மாமியார் என் வீட்டுக்காரரைப் பார்ப்பாங்க, அவர் என்னைப் பார்ப்பாரு, அப்புறம் அந்தக் கேள்வி. போன வாரம் எம்பொண்ணுகிட்ட டிவியை நிறுத்துன்னேன். "மாத்திரை போட்டியாம்மா?"ங்கறா. ஏழு வயசு! சிரிக்கறதா அழுவறதான்னே தெரியலைங்க.

டெல்டாக்காரன்

சகோதரி தப்பா எடுத்துக்காதீங்க. கேக்குற ஆளோட பக்கமும் இருக்கு. ஒரு தடவை அந்தச் சுழல்ல மாட்டி வெளிய வந்தவனுக்கு அடுத்த தடவை சின்னக் குரல் உயர்ந்தாலே வயித்தைப் பிசையும். கேக்காம விட்டு நாளைக்கு ஏதாவது ஆனா, "நீ பார்த்துக்கலையா"ன்னு என்னைத்தான் கேப்பாங்க.

வளர்ந்த_பிள்ளை

அண்ணே, நீங்க கேக்கலாம். பிள்ளை காதுல விழுற மாதிரி கேக்காதீங்க. அம்மா என்னை அப்பாவுக்குக் காவல் வச்சாங்க. "அப்பா மாத்திரையை முழுங்குறாரான்னு பாரு, ராத்திரி நடமாடுறாரான்னு பாரு." அப்பா அதைக் கண்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சரியா வரவே இல்ல.

பிஎஸ்டபிள்யூ_சென்னை

இருவர் சொல்வதும் சரி, ஆகவே பேச்சை விட்டுத் தாளுக்கு வாருங்கள். நிலையாக இருக்கும் நாளில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, கடந்த முறை ஏறத் தொடங்கியபோது முதலில் தெரிந்த அடையாளங்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் அது வேறு. ஒருவர் வேகமாகப் பேசுவார், இன்னொருவர் திடீரென்று பழைய தோழிகளுக்கெல்லாம் போன் போடுவார், டெல்டாக்காரர் வீட்டில் அலமாரி. கோபம் மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது, ஏனென்றால் கோபம் எல்லாருக்கும் வரும். தூக்கம் குறைந்திருக்கிறது, கூடவே பட்டியலில் உள்ள இன்னொன்றும் தெரிகிறது என்றால் மட்டும் கேட்கலாம். யார் கேட்பது? ஒருவர் மட்டும், தனியாக. மாமியார் கேட்கக் கூடாது, குழந்தை கேட்கவே கூடாது. உங்கள் மகளிடம் நீங்களே சொல்லலாம்: "மாத்திரையைப் பார்த்துக்க அப்பாவும் டாக்டரும் இருக்காங்க, அது உன் வேலை இல்ல. இப்ப நான் கத்தினது நீ டிவியை நிறுத்தாததால."

வியாதியைப் பற்றி எப்படிச் சொல்வது என்றால், பெயர் அவசியமில்லை. ஏழு வயதுக்கு மூன்று செய்தி போதும்: ஒன்று, அம்மாவுக்கு மூளையில் ஒரு வியாதி, சில சமயம் ரொம்ப வேகமாக ஓடும், சில சமயம் ரொம்பச் சோர்ந்து போகும்; இரண்டு, இது உன்னால் வந்ததல்ல; மூன்று, அம்மா படுத்துவிட்டால் உனக்குச் சாப்பாடு போடுவதும் ஸ்கூலுக்குக் கூட்டிப் போவதும் இன்னார். மூன்றாவதுதான் குழந்தைக்கு நிஜமாகத் தேவைப்படுவது. டான்ஸைப் பற்றியும் பேசுங்கள். அது வியாதி, மறந்துவிடு என்று சொன்னால் அவள் சந்தோஷத்தையே பொய்யாக்கியதாகிவிடும். ஞாயிறு சாயங்காலம் ஒரு பாட்டுக்கு ஆடுங்களேன், இடுப்பு வலிக்காது.

இயற்கை_வழி

இத்தனை பேர் எழுதியிருக்கீங்க, மூல காரணத்தை யாரும் பேசல. லித்தியம்ங்கறது பேட்டரியில போடுற சாமான். கிட்னியைத் தின்னுடும். என் மச்சான் கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையை விட்டுட்டு மூச்சுப் பயிற்சி, மூலிகைக் கஷாயம்னு மாறிட்டாரு. ரெண்டு மாசமா அருமையா இருக்காரு, தூக்கமே தேவைப்படல அவருக்கு.

டெல்டாக்காரன்

"தூக்கமே தேவைப்படல." ஐயா, அந்த மச்சானை இன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

பிஎஸ்டபிள்யூ_சென்னை

டெல்டாக்காரரை வழிமொழிகிறேன். கேலியாகச் சொல்லவில்லை. தூக்கம் குறைந்தும் களைப்பில்லை என்பது மேனியாவின் முதல் அடையாளங்களில் ஒன்று.

லித்தியம் பேட்டரியிலும் இருக்கிறது, உப்பு வடிவில் மருந்தாகவும் இருக்கிறது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. அதனால்தான் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் எடுக்கச் சொல்கிறார்கள். லித்தியம் அளவுக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வியாதி திரும்பும் ஆபத்து அதிகம். குறைப்பதானாலும் எழுதிய மருத்துவரோடு பேசித்தான்.

குழந்தை உள்ள வீடுகளுக்குக் கூடுதலாக இரண்டு. பிள்ளைகளிடமிருந்து வயிற்றுப்போக்கு, வாந்தி நமக்கும் ஒட்டும், நம் ஊர் வெயில் வேறு. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடாதீர்கள், அவையும் அளவை ஏற்றும். மாத்திரை டப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி.

நெறியாளர்

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும். இந்த ஒன்றை, கீழே வந்த பதில்களுக்காக விட்டுவைக்கிறேன். படிப்பவர்களில் யாருக்காவது சாக வேண்டும், குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் இங்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 14416, டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.

டீச்சர்_விழுப்புரம்

நான் அரசுத் தொடக்கப் பள்ளியில ஆசிரியை. பள்ளிக்கூடத்துல சொல்லலாமான்னு யாரும் கேக்கல, நானே சொல்றேன். வியாதி பேர் எங்களுக்கு வேண்டாம். "இந்த மாதம் அம்மாவுக்கு உடம்பு முடியல, பாட்டிதான் கூப்பிட வருவாங்க, அவசரம்னா இந்த நம்பர்." இது தெரிஞ்சா போதும். திடீர்னு தூங்கி வழியிற பிள்ளையை நான் திட்டமாட்டேன்ல.

இன்னொரு விஷயம், கிளாஸ் வாட்ஸப் குரூப். ஒரு பெற்றோர் ராத்திரி ரெண்டு மணிக்கு வரிசையா வாய்ஸ் நோட் போட்டாங்க. ஆண்டு விழாவை எப்படி நடத்தணும்னு. மறுநாள் மத்த அம்மாக்கள் அதை ஃபார்வேர்ட் பண்ணிச் சிரிச்சாங்க. பாதிக்கப்பட்டது அந்தப் பையன். ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே அந்தக் குரூப்ல உங்களுக்குப் பதிலா வீட்டுக்காரரைச் சேர்த்துடுங்க.

வளர்ந்த_பிள்ளை

டீச்சர், நீங்க நல்லவங்க. எங்க ஸ்கூல்ல அம்மா ஒரு சாரை நம்பிச் சொன்னாங்க. ஒரே வாரத்துல எனக்குப் பட்டப்பேரு வந்துச்சு. பள்ளிக்கூடம் விஷயத்துல நான் உங்க கட்சி இல்ல.

சும்மா_படிப்பவன்

இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். நான் அப்பா, எனக்குத்தான் பைபோலார். டைப் 2, ஏற்றம் கொஞ்சம் மிதமா வர்ற வகை. இங்கே எல்லாம் அம்மாக்கள் பத்தியே பேச்சு. அப்பாவுக்கு வந்தா "குடிக்கிறான், பொறுப்பில்லாதவன்"னு முடிச்சிடறாங்க.

எனக்கு ரெண்டு பயம். ஒண்ணு, மனைவி வீட்ல டைவர்ஸ்னு பேச்சு ஓடுது. என் ஃபைலைக் காட்டி பையனைப் பார்க்கவே விடாமப் பண்ணிடுவாங்களா? ரெண்டு, அவனுக்கும் வருமா? அவனுக்கு அஞ்சு வயசு. அடம் பிடிச்சா எங்கம்மாவே "அப்படியே அப்பன்"ங்கறாங்க.

திருச்சி_வக்கீல்

பொதுவான தகவல் மட்டும், உங்கள் வழக்குக்கு நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 13(1)(iii) மனநோயை விவாகரத்துக்கான காரணமாகச் சொல்கிறது. ஆனால் நோய் இருக்கிறது என்று சீட்டைக் காட்டினால் போதாது. சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும். 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 'அளவு' என்பதைத்தான் அழுத்திச் சொன்னது. 2013இல் கொல்லம் சந்திரசேகர் வழக்கில், மனைவிக்கு மனச்சிதைவு என்று கணவர் கேட்ட விவாகரத்தை மறுத்தது. குழந்தை யாரிடம் என்பதில் குழந்தையின் நலனே முதன்மை. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம். உங்கள் மகன் அந்த எல்லையில் இருக்கிறான். பார்க்கும் உரிமையை நோயின் பெயரை மட்டும் வைத்து எளிதில் பறித்துவிட முடியாது. ஒழுங்காக மருத்துவரைப் பார்த்த சீட்டுகள், லெவல் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக வையுங்கள். அவர்கள் உங்களுக்கு எதிராக நீட்டப் பார்க்கும் அதே ஃபைல் உங்கள் தரப்புச் சாட்சியாக மாறும்.

அம்மாக்களுக்கு ஒன்று. மனநல பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை, சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்ட தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், அப்போதும் மேற்பார்வையில் பார்க்க விட வேண்டும். எனக்கு இப்படித்தான் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், என் சார்பில் முடிவெடுப்பவர் இவர் என்று நியமிக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. இதை வைத்திருப்பவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

பிஎஸ்டபிள்யூ_சென்னை

தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் வார்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பைபோலார் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே பேசியாக வேண்டும். அது கருவைப் பாதிக்கும்.

சும்மா படிப்பவருக்கு: பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் வியாதி, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். கூடுதல்தான். ஆனால் தொண்ணூறு பேருக்கு வராது. ஐந்து வயதில் அடம் என்பது ஐந்து வயது. "அப்படியே அப்பன்" என்று தினமும் கேட்டு வளர்வதுதான் இப்போதைக்கு அவனுக்கு இருக்கும் ஆபத்து. அம்மாவிடம் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஈரோட்டு_மஞ்சள்

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து வீட்டுக்காரரை இந்த இழையைப் படிக்க வச்சேன். அவர் டெல்டாக்காரர் பதிவுகளை மட்டும் ரெண்டு தடவை படிச்சாரு!

எழுதினது இது. என் அடையாளங்கள்: நாலு மணிக்கு முன்னாடி முழிப்பு, ஒரே நாள்ல ரெண்டு தடவை கடைவீதி, மாமனார்கிட்ட அரசியல் பேசறது (சாதாரணமா நான் அவர்கிட்ட வாயே திறக்க மாட்டேன்). கேக்கறவர் என் வீட்டுக்காரர் மட்டும், மாடியில வச்சு. யூபிஐ லிமிட்டைக் குறைச்சு அவர் போன்ல அலர்ட். இறங்கின நாள்ல பையனுக்கு மாமியார், பொண்ணுக்கு ஸ்கூல் வேன், ராத்திரிக் கதை மட்டும் நான், படுத்துக்கிட்டே. மாமியார்கிட்ட "மாத்திரை போட்டியா" கேள்வியை நிறுத்தச் சொல்றது யாருன்னு இன்னும் முடிவாகலை. சீட்டுக் குலுக்கிப் போடலாம்ங்கறாரு.

பொண்ணுகிட்ட இன்னும் பேசலை. பரீட்சை முடியட்டும்.

எனக்கு இன்னொரு ஆசை. மாசம் ஒருக்கா நாம வீடியோல பேசினா என்னங்க? கேமரா போடறது அவங்கவங்க இஷ்டம்.

கீழக்கரை_உம்மா

நான் வர்றேன். ராத்திரி பத்துக்கு வைப்போமா? பிள்ளைங்க தூங்கிடும்.

டெல்டாக்காரன்

பத்தா? இவ்வளவு எழுதியும் தூக்கத்தை விட்டுட்டீங்களே. என் மனைவியும் வரேங்கறா, ஆனா ஒன்பதரைக்கு அவளுக்கு லைட் ஆஃப்.

சும்மா_படிப்பவன்

அப்பாக்கள் வரலாமா?

ஈரோட்டு_மஞ்சள்

வாங்க வாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணின்னு வச்சுக்கலாங்களா? சாப்பிட்டுட்டு வீட்ல எல்லாரும் தூங்குவாங்க.

கீழக்கரை_உம்மா

மூணு மணி சரி. தையல் கிளாஸை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்.